ஒரு தோட்டம், இரண்டு முதுகு

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் கோயமுத்தூர் மருத்துவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"பெரியவரே, வலி உங்களுக்கு. எனக்கில்லை."

"அதனாலதாங்க நான் சொல்றேன்" என்றேன்.

என் மகன் பிரகாஷ் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தான். அந்த நாற்காலியில் இன்று மறுபடி உட்கார வைத்தாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். முதுகுத் தட்டு கெட்டவர்கள் எல்லாரும் கத்திக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. என்னைப் போன்ற பிடிவாதக்காரர்களுக்கு அதைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். நான் குன்னூர் மருத்துவமனையில் குப்புறப் படுத்து வீரம் பேசிய நாட்களில், என் மனைவி ருக்மணி அரவேணுத் தோட்டத்தில் என் பங்குத் தேயிலையையும் சேர்த்துச் சுமந்தாள். அவளுக்கும் முதுகுவலி இருந்தது. எனக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பே இருந்தது. அதற்கு வாயு என்று பெயர் வைத்தவன் நான்தான். என் முதுகு தப்பியது. அவளுடையது தப்புமா என்பது இதை எழுதும் இன்றைக்கும் முழுதாகத் தெரியாது.

மலைமேல் அருவங்காட்டில் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். மலைக்குளிர் பழகிவிட்டதால் கீழே இறங்க மனமில்லை. அரவேணுவுக்குக் கீழே ஒரு சரிவில் ஒன்றரை ஏக்கர் தேயிலையும் ஓர் ஓட்டு வீடும் வாங்கினேன். வாங்கியபோது பச்சை இலைக்கு நல்ல விலை. சின்னத் தோட்டக்காரர்கள்கூட ஜீப் வாங்கினார்கள். அப்புறம் விலை சரிந்தது. ஆள் வைத்துப் பறித்தால் இலை விற்ற காசு கூலிக்கே பற்றாது என்றாகிவிட்டது. சிலர் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். சிலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். நான் ஆட்களை நிறுத்தினேன்.

"நாமளே பறிச்சுக்கலாம்" என்றேன்.

அந்த 'நாமளே'யில் பாதி ருக்மணி. அவளை நான் கேட்கவில்லை.

தேயிலை காத்திருக்காது. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். விட்டால் இலை முற்றும். முற்றிய இலையை, தொழிற்சாலைக்கு இலை வாங்கிப்போகும் ஏஜென்ட் லாரியில் ஏற்ற மாட்டார். பறித்ததை அன்றைக்கே மூட்டை கட்டி, மேட்டில் சுமந்து, ரோட்டு வளைவில் லாரி வரும் நேரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் செய்தோம்.

சித்திரையில் கோடைமழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். ஏஜென்ட் தராசைப் பார்த்தபடியே, "நனைஞ்ச இலைங்க, கழிவு போட்டுத்தான் எடுப்பேன்" என்றார். ஈர இலையென்றால் தண்ணீருக்கென்று எடையில் ஒரு பங்கைக் கழிப்பது இங்கே வழக்கம். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் நான் மேட்டில் தூக்கி வந்திருந்தேன். என் முதுகுக்கு யார் கழிவு போடுவது?

"கழிச்சுக்கங்க. ஏத்தறதையாவது உங்காளு ஏத்தட்டும்" என்றேன்.

லாரிமேல் இருந்த ஆள் இறங்கவில்லை. எனக்குக் கோபம். நானே மூட்டையைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, லாரிக்குள் வீசினேன். மூட்டை போய் விழுந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பிலிருந்து வலது குதிகால்வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை உருவினது மாதிரி இருந்தது. குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

"ஏனுங்க, புடிச்சுக்கிச்சுங்களா?" என்று ருக்மணி தன் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அவள் மூட்டையும் நனைந்ததுதான். இப்போதுதான் அதை நினைத்துப் பார்க்கிறேன்.

தைலம் தேய்த்தேன். இடுப்புப் பட்டை கட்டினேன். கூடலூர்ப் பக்கம் ஒரு வைத்தியரிடம் எண்ணெய்ச் சிகிச்சைக்குப் போனேன். சூடான எண்ணெய் அன்றைக்குச் சுகமாக இருந்தது, மறுநாள் வலி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. பாதம் மரத்துப்போக ஆரம்பித்ததும் பிரகாஷ் கோயமுத்தூரிலிருந்து காரோடு வந்தான். மலைக்குச் சுற்றுலாக் கூட்டம் குவியும் காலம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. நான் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, "மெதுவாப் போடா" என்றேன்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னால இருக்கறவன் இறங்கி வந்து அடிப்பான்ப்பா."

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து, காதருகே தகரத்தைத் தட்டுவதுபோல் அது சத்தம் போடும். ஆடாமல் கிடக்க வேண்டும். வலி உள்ளவனை ஆடாமல் கிட என்பதே பெரிய தண்டனை. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மருத்துவர் நாள் குறிக்கப் பேனாவைத் திறந்தார்.

படத்தில் என்ன இருந்தது என்பதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். முதுகெலும்பு அடுக்கி வைத்த எலும்புகளால் ஆனது. இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு தட்டு. அதன் விளிம்பு நார்போல உறுதி, உள்ளே கூழ். நடக்கும்போதும் தூக்கும்போதும் வரும் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். வயதானால் கூழ் வற்றும், விளிம்பில் கீறல் விழும். கீறல் வழியாகக் கூழ் பிதுங்கிப் பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தினால், வலி இடுப்போடு நிற்காது. புட்டம், தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிப் பாதம்வரை போகும். எனக்கு அடிமுதுகில் ஒரு தட்டு பிதுங்கியிருந்தது. அதற்கடுத்தது வற்றிப்போயிருந்தது.

திரும்பும் வழியில் பிரகாஷ் ஹார்னை அடித்துக்கொண்டே வந்தான். குன்னூர் வந்ததும், "நிறுத்துடா, இங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம், அவங்களையும் கேட்டுடலாம்" என்றேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அவரிடம்தான் குணமாகியிருந்தார்.

"எத்தனை பேரக் கேப்பீங்க? வேண்டாம்னு சொல்ற ஒருத்தர் கிடைக்கற வரைக்குமா?"

"ஆமா" என்றேன்.

முதுகுவலிக்காரர்களின் காத்திருப்பு அறை வேடிக்கையாக இருக்கும். நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், ஆட்கள் சுவரோரம் நிற்பார்கள். அன்றைக்கு நேரமாகிவிட்டதால் மறுநாள்தான் போனோம். நானும் நின்றேன். ருக்மணியும் நின்றாள்.

"நீ உக்காரம்மா."

"இல்லீங்க. நிக்கறதே நல்லாருக்குது."

எனக்காக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கணவன் நிற்கும்போது மனைவி உட்காராத மரியாதை என்று என் மூளை அதற்கு அர்த்தம் கொடுத்தது. படித்தவன் மூளை.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். படத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் என்னைப் பார்த்தார். படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கினார். பாதத்தில் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எங்கே தெரிகிறது என்று கேட்டார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். சிறுநீர் தானாகப் போகிறதா, அடக்க முடியாமல் போகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்.

"இதுல ஏதாவது ஒண்ணு இருந்திருந்தாலோ, கால் பலம் இறங்கிக்கிட்டே வந்தாலோ நானே உங்களை அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருப்பேன். அப்ப வாதாடக்கூடாது. உங்களுக்கு வலியும் மரப்பும்தான். பலம் இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு இது கத்தியில்லாமலே அடங்கும். ஆனா அவசரப்படக்கூடாது. மூணு மாசம் சுமை கிடையாது, குனியறது கிடையாது. முடியுமா?"

"முடியும்" என்றேன்.

அந்த மூன்று மாதமும் தோட்டத்தில் யார் குனிவது என்று யாரும் கேட்கவில்லை. என் வாய்தான் முடியும் என்றது.

வலியை அடக்குவதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த கட்டிலில் மணி என்ற பஸ் டிரைவர். கோத்தகிரித் தடத்தில் ஓட்டுகிறவர்.

"ஸார், உங்களுக்கு எத்தனாவது எலும்பு?"

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல."

"அட, எனக்கும் அதேதானுங்க. ரெண்டு பேரும் ஒரே ரூட்டு."

மாத்திரைகள் இரண்டு விதம். ஒன்று வீக்கத்தையும் வலியையும் குறைப்பது. வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் சாப்பிட்ட பிறகுதான் தருவார்கள், அதிக நாள் தர மாட்டார்கள். மற்றது நரம்பின் எரிச்சலுக்கு. அதை விழுங்கினால் பகலிலேயே கண் சொருகும். இடுப்புக்கு ஒத்தடம், மின்பட்டை ஒட்டிச் சுருக் சுருக்கென்று லேசான மின்சாரம். இடுப்பில் பட்டை கட்டிக் கயிற்றில் எடை தொங்கவிட்டு இழுப்பார்கள். இழுப்பதால் தட்டு உள்ளே போய்விடாது, சிலருக்குக் கொஞ்ச நேரம் ஆறுதல், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முதல் தடவை என்னைக் கட்டியபோது மணி எட்டிப் பார்த்து, "பிரேக்டவுன் வண்டியக் கட்டி இழுக்கறாப்பல இருக்குதுங்க ஸார். கியரை நியூட்ரல்ல வையுங்க" என்றார். சிரித்தால் வலிக்கும். சிரித்தேன்.

பயந்தது ஊசிக்குத்தான். முதுகெலும்புக்குள், நரம்பைச் சுற்றியுள்ள இடத்தில் மருந்து செலுத்துவார்கள். குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கடியில் தலையணை. எக்ஸ்ரே இயந்திரம் முதுகுக்குமேல் வளைந்து நின்று ஊசி போகும் வழியைத் திரையில் காட்டும். முதலில் மரக்க வைத்தார்கள். பிறகு மருந்து இறங்கியபோது, என் வலி எந்தப் பாதையில் போகுமோ அதே பாதையில் ஓர் அழுத்தம் கால்வரை போயிற்று. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வலியால் இல்லை. கால் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.

"இது தட்டைப் புதுசாக்காது. நரம்பைச் சுத்தி இருக்கற வீக்கத்தை வடிய வைக்கும். அந்த இடைவெளியில நீங்க உடம்பைப் பலமாக்கிக்கணும். ஊசி பாதி, உங்க பயிற்சி பாதி" என்றார் டாக்டரம்மா.

சனிக்கிழமை பிரகாஷ் வந்தான். என்னால் குனிய முடியாததால் கால் நகங்கள் வளர்ந்து விரலைக் குத்திக்கொண்டிருந்தன. அவன் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தான். வெட்டிக்கொண்டே சண்டை.

"தோட்டத்த வித்துடுங்கப்பா."

"இந்த விலைக்கா? திருடனுக்குக் குடுத்த மாதிரி."

"அப்ப ஆபரேசன் பண்ணிக்கங்க. சீக்கிரம் எந்திரிச்சு வேலயப் பாக்கலாம்ல?"

"டேய், இலை விலை விழுந்ததுக்கு என் முதுகையா வெட்டறது? மாட்டேன். விக்கவும் மாட்டேன்."

"அம்மா தனியாக் கெடந்து பறிக்கறாங்களே, அது தெரியுமா?"

"அவளுக்குப் பழக்கம்டா" என்றேன்.

அவன் நகவெட்டியை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சுண்டுவிரலையும் வெட்டி முடித்தான். இதை எழுதும்போது காது சுடுகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

ருக்மணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலை பஸ்ஸில் வருவாள். தூக்குப்போசியில் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. மணிக்கும் சேர்த்தே இருக்கும். அவள் விரல்நுனிகள் இலைக்கறை ஏறிக் கறுத்திருந்தன. கட்டிலருகே ஸ்டூல் உண்டு. உட்கார மாட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாம் சொல்வாள். மேல் பாத்தி பறித்தாகிவிட்டது, லாரி அரை மணி தாமதம், கரடி வந்து வீட்டுப் பின்னால் குப்பையைக் கிளறிவிட்டுப் போனது. ஒரு தடவை மணி, "அம்மா, சித்த உக்காருங்க, கால் கடுக்கலீங்களா?" என்றார். நான் முந்திக்கொண்டு, "அவ அப்படித்தான், நிக்கறதுல சலிக்கவே மாட்டா" என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் பயிற்சி அறைக்கு என்னையும் ருக்மணியையும் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா என்ற பெண்தான் எனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தவர். குப்புறப் படுத்துக் கையூன்றி நெஞ்சை மட்டும் தூக்குவது, மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, வயிற்றுத் தசையை இறுக்கிக்கொண்டு மூச்சு விடுவது. வீட்டில் இதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதால் ருக்மணிக்கும் சொல்லித் தந்தார். கடைசியாக, கீழே கிடக்கும் பொருளை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, "அம்மா, நீங்க ஒருவாட்டி செய்ங்க, ஐயா பார்க்கட்டும்" என்றார்.

ருக்மணி இறங்கினாள். எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. சித்த இருங்க."

அவள் முகம் வெளுத்திருந்தது. ஸ்டெல்லா அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நடக்கச் சொன்னார். இடது செருப்பின் நுனி தரையில் சர் சர்ரென்று உரசியது. அந்த ஓசை எங்கள் வீட்டில் எனக்குக் காலமெல்லாம் கேட்டதுதான். அவள் காலை இழுத்து நடக்கிறாள், சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா வந்து அதே சோதனைகளை அவளுக்கும் செய்தார். குதிகாலில் நடக்கச் சொன்னபோது இடது முன்பாதம் எழவில்லை. கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்திப் பிடித்து, "தூக்குங்க" என்றார். அது கொஞ்சம் எழுந்து தளர்ந்தது.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"இவரு இங்க படுத்ததுல இருந்து கொஞ்சம் சாஸ்திங்க. முன்னாலயே இருந்துதுங்க. பையன் பள்ளிக்கூடம் போறப்பருந்து."

"யார்கிட்டயும் காட்டலையா?"

ருக்மணி தன் செருப்பையே பார்த்தாள். டாக்டரம்மாதான் என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க வாயுன்னு சொன்னேன்" என்றேன். "பூண்டு சாப்பிடச் சொன்னேன்."

டாக்டரம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. அவருக்கு அதற்கு நேரமில்லை, ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதே கொண்டை ஊசி வளைவுகளில் அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிப்போய் வந்தோம். பிரகாஷ் ஓட்டினான், நான் முன்சீட்டில். அவளிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. வளைவுக்கு வளைவு நான் என்னென்ன சத்தம் போட்டேன் என்பது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

படத்தில் அவள் தட்டுகள் என்னுடையதைவிட மோசம். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்.

"பலம் லேசாத்தான் குறைஞ்சிருக்கு. அதனால மருந்தும் பயிற்சியும் வச்சுப் பார்க்கலாம். ஆனா வாரா வாரம் காலைப் பார்ப்பேன். சுமை தூக்கினா, சரிவுல குனிஞ்சு வேலை செஞ்சா, பாதம் இறங்கிடும். இறங்கினா அறுவை சிகிச்சைதான். அப்பவும் இழந்த பலம் முழுசாத் திரும்புமான்னு சொல்ல முடியாது."

வீடு திரும்பியபோது ஊரில் எனக்கு நல்ல பெயர். கத்தியில்லாமல் எழுந்து நடந்தவர் என்று பேசிக்கொண்டார்கள். காலையில் நான் பாயில் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவேன். பக்கத்துப் பாய் காலியாக இருக்கும். அவள் தோட்டத்தில் இருப்பாள்.

"போகாதேன்னு சொன்னாங்கல்ல?"

"இலை முத்துதுங்க. செடியில நிக்கறப்ப எப்படிங்க ஊட்டுக்குள்ள படுத்துக் கெடக்கறது? கண்ணு பாக்குதுல்ல?"

பறிக்கும் பையை எடுத்து ஒளித்து வைத்தேன். அவள் முந்தானையில் பறித்தாள். கூலிக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்தேன். ருக்மணி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, "இந்த விலைக்கு ஆளு வெச்சா ஆவாது கண்ணு, நீ போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டாள். என்னிடம், "நீங்க சொன்னதுதானுங்க. நாமளே பறிச்சுக்கலாம்னு" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

அடுத்த வாரச் சோதனையில் கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. டாக்டரம்மா இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இவளிடம் படு, படு என்று கத்திப் பயனில்லை. இலை இருக்கும்வரை போவாள். இலை இருக்கக்கூடாது.

தேயிலையை நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். கவாத்து என்று பெயர். வெட்டினால் நாலைந்து மாதம் இலையே வராது, மொட்டைக் குச்சிகள்தான் நிற்கும். அதனால் விலை விழுந்த காலத்தில் கவாத்தை எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். முன்கூட்டி வெட்டுகிறவனை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் தோட்டம் கவாத்து கண்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதைக்கூடக் கூலியை மிச்சம் பிடிக்க நானே குனிந்து வெட்டியிருந்தேன்.

முத்தையாவிடம் போனேன். சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், இந்தப் பக்கத்தில் கவாத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்னாங்கையா, இப்பயா? நல்லாக் கொழுந்து குடுக்கற செடிய வெட்டச் சொல்றீங்க. சிலோன்ல தொரைமாருகூட இப்புடிச் சொன்னதில்லீங்க."

"வெட்டு முத்தையா."

"அம்மா சம்மதிச்சாச்சுங்களா?"

அந்தக் கேள்வியில் நின்றுவிட்டேன். சம்மதம் கேட்கவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வெட்ட ஆரம்பித்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். மறுபடியும் கேட்காமல் ஒரு 'நாமளே'.

மறுநாள் காலை முத்தையாவும் அவர் ஆட்களும் கத்தியோடு வந்து மேட்டில் நின்றபோது ருக்மணி பையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன்.

"தோட்டத்தக் கவாத்து பண்ணலாம்னு இருக்கேன். முழுசா. நீ வேண்டாம்னா இப்பவே அனுப்பிச்சுடறேன்."

"கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா உங்களுக்கு? போன கவாத்து முடிஞ்சு ரெண்டு வருசந்தானுங்களே ஆச்சு!"

"ஆமா."

"நாலைஞ்சு மாசம் எதத் தின்னறது?"

"என் பென்ஷன் இருக்குது. போதாட்டி இளைச்சுப் போவோம்."

"ஊருல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இலைக்காக உன் காலக் குடுக்க மாட்டேன். ஆனா உன்னக் கேக்காம வெட்ட மாட்டேன். நீ சொல்லு."

அவள் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் மழையில் ஒவ்வொரு செடியும் கொழுந்து விட்டு மினுமினுத்தது. நான் இன்னும் ஏதாவது பேசியிருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். என்னவோ, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"மேல் பாத்தியிலருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றாள் கடைசியில். "அங்கதான் சரிவு சாஸ்தி. அத மொதல்ல வெட்டட்டும்."

நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டேன். உட்கார்ந்தால் வலிக்கும் என்று முதுகுக்குத் துண்டைச் சுருட்டி வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தாள். பச்சைக் கிளைகள் விழுந்துகொண்டே இருந்தன. வெட்டிய கிளைகளை அந்தந்தச் செடியின்மேலேயே போர்த்திவிட்டுப் போனார்கள், வெயிலில் பட்டை வெடிக்காமல் இருக்க. மூன்று நாளில் ஒன்றரை ஏக்கரும் குச்சியாகிவிட்டது. அழுதாளா என்று யாராவது கேட்டால், அழுதாள். நானும்.

அதன் பிறகு காலையில் இரண்டு பாய்களிலும் ஆள் உண்டு. அவள் பயிற்சியை என்னைவிட ஒழுங்காகச் செய்கிறாள். நான் எண்ணிக்கையில் திருடினால், "இன்னும் ரெண்டு பாக்கிங்க" என்கிறாள். அவளுக்கும் ஊசி போட்டார்கள். போன வாரச் சோதனையில் டாக்டரம்மா கட்டைவிரலை அழுத்திப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். "இறங்கறது நின்னிருக்கு. ஏறுமான்னு பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார்.

நேற்று இலை லாரி ரோட்டு வளைவில் வந்து ஹார்ன் அடித்தது. ஏஜென்ட் இறங்கி மொட்டைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, வேலியோரம் நின்ற ருக்மணியிடம் சத்தமாகவே கேட்டார்.

"ஏனுங்கம்மா, அத்தனையும் மொட்டையடிச்சுட்டீங்க? ஐயா ஆபீசுல கணக்குப் பாத்தவருன்னாங்க. இவ்வளவுதானுங்களா அவரு கணக்கு?"

நான் வாசலில்தான் இருந்தேன். பதில் சொல்ல எழுந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அவருக்குக் கணக்கெல்லாம் நல்லாத் தெரியுமுங்க. இத்தன நாளு என்னைய உட்டுட்டுக் கூட்டீட்டிருந்தாரு. இப்பச் சேத்துக் கூட்டறாரு. நீங்க லாரிய எடுங்க, ரோட்ட மறைக்குது."

திரும்பி வீட்டுப் படிக்கு வந்தாள். இடது காலைத் தூக்கி வைத்தாள். நான் அந்தச் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் படியில் உரசியது. இரண்டாவதில் உரசவில்லை.

"என்னத்த அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். "பாய விரிங்க. சாயந்தரத்துது இன்னும் பண்ணல."